இதில் எந்த வரி உங்களுடையது?

சேவுகப்பெருமாள் பேரில் நூற்றுக்கும் மேலே ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. எந்த நாட்டுக் கணினியில் தட்டினாலும் வரும். ஆனால் ஒன்றிலாவது அவர் பேரைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுங்கள் பார்ப்போம்! வானத்திலிருந்து விழும் துகள்களை ஆராய்கிற பெரிய கூட்டம் அது. நாலைந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து மலைமேல் கருவிகளைப் பரப்பி வைத்து, வருஷக்கணக்காக எண்ணி, அதிலிருந்து ஒரு கட்டுரை எழுதுவார்கள். எழுதியவர், எண்ணியவர், கருவி செய்தவர் என்று அத்தனை பேரும் கல்யாணப் பத்திரிகையின் சுற்றமும் நட்பும் போல நெருக்கியடித்து நிற்பார்கள். அகரவரிசையில் கடைசிப் பக்கமாகப் போய் விரலை வைத்துத் தேடினால் சேவுகப்பெருமாள் அகப்படுவார்.

ஆள் சாக்கோட்டைப் பக்கம். விவசாயக் குடும்பம். காரைக்குடியை அடுத்த ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். அதற்கு முன்னால் இளவயசு பூராவும் அந்த மலை ஆய்வுக்கூடத்தில்தான் கழிந்தது. மழைக்காலத்தில் கருவிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து, உலர்த்தி, வெளிச்சம் புகாமல் மறுபடி கறுப்புக் காகிதம் சுற்றி, சரியாக எண்ணுகிறதா என்று சோதித்து மூட வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகும். அந்த வேலையை அவர் செய்யாவிட்டால் அந்தக் கட்டுரைகளில் இருக்கிற எண்களில் பாதி குப்பை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பேராசிரியர் பதவி உயர்வுக்கு நேர்காணல் வந்தது. வெளியூரிலிருந்து நிபுணர் ஒருத்தர் வந்திருந்தார். சந்தனக் கலரில் சஃபாரி. பைலைப் புரட்டிக்கொண்டே போனார்.

"அடேயப்பா, இவ்வளவு பேப்பரா! சரி, இதில் எந்த வரி உங்களுடையது?"

சேவுகப்பெருமாளுக்கு முதலில் கேள்வியே பிடிபடவில்லை. "வரின்னா சார்?"

"நீங்க எழுதின வரி. நீங்களா கண்டுபிடிச்ச விஷயம். இத்தனை பேர் இருக்காங்களே, அதான் கேக்கறேன்."

"கருவி ஒழுங்கா எண்ணுதான்னு பாத்தது நான் சார். அது இல்லாம..."

"ஓ, மெயின்டனன்ஸ்!" என்றார் சஃபாரிக்காரர். பக்கத்திலிருந்தவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு செய்யுங்க. தனியா உங்க பேர்ல ஒரே ஒரு பேப்பர் கொண்டாங்க. அடுத்த தடவை பார்க்கலாம்."

மெயின்டனன்ஸாம்! வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கட்டிலில் வீசினார் மனிதர். காது வரைக்கும் சூடாக இருந்தது.

"அடுத்த தடவைன்னா எப்ப?" என்று கேட்டாள் அவர் மனைவி அழகி.

"ரெண்டு வருசம் ஆகும்."

"அதுக்கும் அடுத்த தடவை?"

"அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துரும்."

கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து அழகி மடித்தாள். பிறகு, "வானத்துல இருந்து விழுகிறதையெல்லாம் எண்ணுறீக. நம்ம மாடித் தொட்டியில தண்ணி விழுகலைன்னு திங்கக்கிழமையில இருந்து சொல்றேன். அதைக் கொஞ்சம் எண்ணுங்களேன்" என்றாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்.

அப்போது பிடித்தது வைராக்கியம். தனி ஆளாக, தன் பேரில், ஒரே ஒரு கட்டுரை. பழைய ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் பலகைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தார். துகள் பாய்ந்தால் லேசாக மின்னுகிற பலகைகள் அவை. அந்த மின்னலை எண்ணுவதுதான் கருவியின் வேலை. மியூவான் என்று ஒரு துகள். உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஒன்றாவது கையைத் துளைத்துக்கொண்டு போகும், நமக்குத் தெரியாது. கூரை, சுவர் எதையும் அது சட்டை செய்வதில்லை. ஆனால் கனமான சாமான் குறுக்கே இருந்தால் கொஞ்சம் குறைந்துபோகும். இதையெல்லாம் இருபது வருஷமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் சேவுகப்பெருமாள். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கருவியை எங்கே வைப்பது? கல்லூரியில் ஒரு மூலை கேட்டார், ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சு இருக்கிறது என்றார்கள். அவர் வீட்டிலோ வெயில் நேரத்தில் சட்டியில் வறுக்கிற மாதிரி கொதிக்கும். சூடு ஏறி இறங்கினால் எண்ணிக்கையும் ஏறி இறங்கும். கடைசியில் கைகொடுத்தது தேனம்மை ஆச்சி. ஆச்சி மகன் ஸ்ரீநிவாசன் இவரிடம் படித்தவன். பெங்களூரில் வேலை. ஆச்சி தன்னந்தனியாக அந்தப் பெரிய வீட்டைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். காரை பூசிய கனத்த சுவர், சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். உள்முற்றமான வளவுக்குப் பக்கத்தில் ஒரு கீழறையைத் திறந்துவிட்டார்.

"இது எங்க பங்கு தம்பி. இதுக்குள்ள நீங்க என்ன வேணும்னாலும் வச்சுக்கங்க. நேர் மேல இருக்கிற மாடி அறை சத்தியமூர்த்தி பங்கு. எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பங்காளி. மெட்ராஸ்ல இருக்காக. சாவி அவுககிட்டத்தான். நானே அதுக்குள்ள எட்டிப் பாத்ததில்லை."

அந்த வீடுகளின் முறை அது. வீடு ஒன்று, பங்கு பல. ஒருத்தர் பங்கில் இன்னொருத்தர் கால் வைப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதுமில்லை.

சேவுகப்பெருமாள் பலகைகளை அடுக்கி, கணினியில் மாட்டி, ஆச்சியிடம் ஆயிரம் சட்டம் போட்டார். அறையைத் திறக்கக் கூடாது. சுவிட்சைத் தொடக் கூடாது. பக்கத்தில் மிக்ஸி போடக் கூடாது. "அடுப்பாவது பத்த வைக்கலாமா தம்பி?" என்று ஆச்சி கேட்டார். வாரம் ஒருதரம் வந்து கணக்கை எடுத்துப்போவார். மற்றபடி கருவி தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

வைகாசியில் சூரியனில் பெரிய புயல் கிளம்பியது. செய்தியில்கூட வந்தது. அப்படிப் புயல் பூமியைச் சூழும்போது வெளியிலிருந்து வரும் துகள்கள் தள்ளிவிடப்படும். எண்ணிக்கை மடாரென்று விழுந்து, பிறகு நாலைந்து நாளில் மெதுவாக ஏறும். உலகத்தில் பல இடங்களில் அப்படித்தான் விழுந்தது. சேவுகப்பெருமாளுக்குத் தேர்வுப் பணி, நகர முடியவில்லை. அது முடிந்ததும் பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்து ஓடினார். கணினியைத் திறந்தால், விழுந்திருக்கிறது! மடாரென்ற வீழ்ச்சி, மெதுவான ஏற்றம். புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே இருந்தது. அறைக்குள் நின்று கையைத் தட்டினார். ஆச்சி என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்.

இதில் ரெண்டு உறுத்தல் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பூமத்திய ரேகைப் பக்கம் பூமியின் காந்தம் கோட்டைமதில் போல நிற்கிறது. அதைத் தாண்டி வருகிற பலமான துகள்களைப் புயலால் அதிகம் தள்ள முடியாது. அதனால் நம் ஊரில் வீழ்ச்சி சின்னதாகத்தான் இருக்க வேண்டும். இவருடையது பலமடங்கு பெரிசு. ரெண்டாவது, புயல் பூமியைத் தொட்டது சாயங்காலம். இவர் எண்ணிக்கை விழுந்தது அன்று காலையிலேயே. வேறு எவனாவது இப்படிக் கொண்டுவந்தால் சேவுகப்பெருமாள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். தனக்கு என்று வந்ததும், கணினிக் கடிகாரம் மின்வெட்டில் குழம்பியிருக்கும் என்றார். வீழ்ச்சி பெரிசாக இருப்பதுதானே கண்டுபிடிப்பு என்றார். புயலின்போது தெற்கே காந்த மதில் கொஞ்ச நேரம் தளர்ந்தது என்று கட்டுரை எழுதினார். ஆசைப்பட்ட மனசு அப்படித்தான் வக்காலத்து வாங்கும்.

ஆய்விதழ் கட்டுரையை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பியது. அந்த ஆள் கெட்டிக்காரர். ஒரே கேள்வி கேட்டார்: அந்த நாட்களில் கருவிக்கு மேலே கனமான பொருள் ஏதும் வைக்கப்பட்டதா?

சேவுகப்பெருமாள் ஆச்சிக்குப் போன் போட்டார்.

"ஆச்சி, வைகாசியில மேலறையில யாரும் எதும் கொண்டாந்து வச்சாகளா?"

போனில் கொஞ்சம் மௌனம். "மேலயா? ஒண்ணுமில்லையே தம்பி. பூட்டித்தான் கிடக்கு."

மேலறை பூட்டியும் காலியாகவும் இருந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். மார்கழியில் கட்டுரை ஏற்கப்பட்டது. கணினித் திரையில் தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பேர். முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. அழகியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, என் பேரையும் போட்டிருக்கலாம்ல?" என்றாள். அன்று ரெண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். நேர்காணல் மாசியில்.

தையில் சத்தியமூர்த்தி மகள் விசாலிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தேவகோட்டை. வீடு பூரா வெள்ளையடித்து, வளவெல்லாம் கோலம். ஆச்சி இவரையும் அழகியையும் நேரில் வந்து அழைத்திருந்தார். போனார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, முகப்பில் சாமான் பரப்பியிருந்தார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்சாமானையெல்லாம் ஊர் பார்க்க வரிசை கட்டி வைக்கிற வழக்கம். பித்தளை அண்டாக்கள் ஆள் உட்காருகிற அளவில். வெண்கலப் பானைகள், எவர்சில்வர் அடுக்குகள், ஒரு இரும்புப் பெட்டி. கடைசியில் ஆட்டுக்கல், அம்மி, திருகை.

"இந்தக் காலத்துலயும் ஆட்டுக்கல்லா!" என்று அழகி வாயைப் பிளந்தாள்.

"முறையை விட முடியுமா?" என்றார் சத்தியமூர்த்தி. பட்டு வேட்டி, முகத்தில் பூரிப்பு. "இதை மாடிக்கு ஏத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஆளுக கம்பு கட்டித் தூக்குனாக."

சேவுகப்பெருமாள் வெற்றிலையை வாயில் வைக்கப்போனவர் அப்படியே நிறுத்தினார். "எந்த மாடி அண்ணே?"

"எங்க பங்குதான். வேற எடம் ஏது? கீழ வச்சா ஆச்சி பங்கு. வைகாசியில பேசி முடிச்ச கையோட, நல்ல நாள் பாத்து, காலைல நல்ல நேரத்துல ஒரே மூச்சா ஏத்திப்புட்டோம். சூரியப் புயலு அது இதுன்னு டி.வி.யில பயமுறுத்துனான் பாருங்க, அன்னைக்குத்தான். நாள் நல்லா இருந்தாப் புயல் என்ன செய்யும்?"

"அப்பறம்?"

"அப்பறம் பாத்திரத்துக்குப் பேர் வெட்டணும், கல்லுச் சாமானைக் கொத்தணும்ல. தினம் கொஞ்சங் கொஞ்சமாக் கீழ எறக்குனோம். மறுபடி மாடிக்கு ஏத்த எவனும் வரமாட்டேனுட்டான். ஆச்சிகிட்டக் கேட்டுப் பின்கட்டுல போட்டு வச்சோம். ஏன் சார், முகமெல்லாம் வேர்க்குது?"

ஒரே மூச்சாக ஏற்றம். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம். மடாரென்ற வீழ்ச்சி, மெதுவான மீட்சி. சூரியனாவது மண்ணாவது! விசாலியின் ஆட்டுக்கல்லும் இரும்புப் பெட்டியும் போட்ட நிழலைப் பார்த்துத்தான் இந்த மனிதர் பூமியின் காந்த மதில் தளர்ந்தது என்று எழுதியிருக்கிறார்.

ஆச்சியைப் பந்தியோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலை அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. "ஒண்ணுமில்லைன்னு சொன்னீகளே ஆச்சி!"

ஆச்சிக்கு அவர் கோபம் புரியவேயில்லை. "பங்காளி வீட்டுப் பொண்ணுக்கு வாங்கின சாமானைப் பரப்புறதுக்கு முன்னால வெளியாளுகிட்ட நான் சொல்லுவனா? கண்ணு படாதா? நீங்க சொன்னபடி உங்க அறையைத் திறக்கலை, சுவிட்சைத் தொடலை, மிக்ஸியக்கூட வீட்டுக் கடைசியிலதான் வச்சுப் போட்டேன். மாடியில இருந்தா உங்க மிஷினுக்கு என்ன வந்துச்சு?"

அவ்வளவு சட்டம் போட்டவர், மேலே எதும் வந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

ஒரு நப்பாசை மட்டும் மிச்சமிருந்தது. சாமானை மறுபடி மேலே ஏற்றி, ரெண்டு நாள் எண்ணிப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். அதைக் கழித்தது போக ஏதாவது மிஞ்சினால் அது புயலுடையது. சின்னதாக இருந்தாலும் சரி, அவருடைய கண்டுபிடிப்பு. நேராகச் சத்தியமூர்த்தியிடம் போய்க் கேட்டேவிட்டார்.

சுற்றி நின்ற பெண்டுகள் "சிவ சிவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சத்தியமூர்த்தி முகம் சுண்டிப்போனது.

"என்ன சார் பேசுறீக? பரப்புன சாமான் திரும்பப் பொண்ணு வீட்டு மாடி ஏறலாமா? நல்ல காரியத்துல வந்து கேக்குற கேள்வியா இது? லாரி வெளிய நிக்குது."

"வேற கல்லையாவது ஏத்திப் பாக்குறேன் அண்ணே. சாவியை மட்டும்..."

"சாவி அது பாட்டுக்கு எங்ககூட மெட்ராஸ் வரும். எம் பங்குல ஊரான் கல்லை எதுக்கு ஏத்தணும்?"

அழகி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே அண்டாக்கள் லாரியில் ஏறின. திருகையைத் தூக்கி வைத்தபோது லாரி ஒரு ஆட்டம் ஆடியது. சேவுகப்பெருமாள் அது தேவகோட்டை ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ரெண்டையும் கல்யாண வீட்டு வாசலில் காட்ட முடியாது.

வீட்டில் வந்துதான் வெடித்தார். ஆச்சியைத் திட்டினார், பங்காளி முறையைத் திட்டினார், ஆட்டுக்கல்லைத் திட்டினார், சஃபாரிக்காரரை விட்டுவைப்பாரா? அழகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இது உங்களையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்? நேர்காணல் முடியட்டும். சூரியன் வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

"மேலறை காலின்னு எழுதியிருக்கேன் அழகி."

"அது ஆச்சி சொன்னது."

"எழுதுனது நான்."

"நூத்துச் சொச்சம் பேப்பர்ல ஒரு வரி உங்களுதில்லைன்னாக. இப்ப ஒண்ணு உங்களுதுன்னு வந்திருக்கு. அதையும் அழிக்கப் போறீகளாக்கும்?"

ரெண்டு வருஷமாக அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள்தானே. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அப்பவே ஒரு எட்டு மேல போய்ப் பாத்திருக்கலாம்ல?" என்றாள். அத்தனை பேச்சிலும் அந்த ஒன்றுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பூட்டியிருந்தால் என்ன, சாவியை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனில் ஆச்சி ஒரு நொடி தயங்கியதைக்கூட அவர் கவனித்திருந்தார். ஒண்ணுமில்லை என்ற பதிலைத்தான் அவர் விரும்பினார். கிடைத்ததும் சட்டென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

மலையில் குளிரில் விரல் மரத்து, மற்றவர்கள் எண்ணில் ஒரு பிசகும் வராமல் காத்த ஆள் இவர். தன் எண் என்று வந்தபோது கோட்டைவிட்டுவிட்டார். இந்த எரிச்சல்தான் அவரைத் தின்றது. மறுநாள் உட்கார்ந்து ஆய்விதழுக்கு எழுதினார். மேலறை காலியாக இருந்ததாகச் சொன்னது தவறு. அங்கே கல்லும் உலோகமுமாகக் கனத்த பொருள்கள் இருந்தன. அவை வந்த நேரமும் போன விதமும் என் அளவீட்டோடு ஒத்துப்போகின்றன. மறுபடி சோதிக்க வழியில்லை. நானே நேரில் பார்க்காமல் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அவ்வளவுதான். ஆய்விதழ் அதை அப்படியே ஒரு சின்ன அறிவிப்பாகப் போட்டது. கீழே ஒரே ஒரு பேர்.

நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதி வந்ததா என்றால், ஒரு மண்ணும் வரவில்லை.

மாசியில் நேர்காணல். அதே அறை, அதே பிஸ்கட், அதே சஃபாரிக்காரர். இந்தத் தடவை சாம்பல் கலர். பைலைப் புரட்டி, கடைசியில் இருந்த அந்த அறிவிப்பை எடுத்துப் பார்த்தார்.

"தனியா ஒண்ணு கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தேனே?"

"அதான் சார் அது."

"இது வாபஸ் அறிவிப்பு. இதுக்கு மார்க் கிடையாதே. இதைப் போய் எதுக்கு வச்சிருக்கீங்க?"

சேவுகப்பெருமாளுக்குக் கோபம் பொசுபொசுவென்று வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் நகர்ந்தார்.

"போன தடவை ஒரு கேள்வி கேட்டீங்களே சார். அதை இப்பக் கேளுங்க."

"எந்தக் கேள்வி?" சஃபாரிக்காரருக்கு நினைவே இல்லை. ரெண்டு வருஷமாக இவர் ராத்திரி பகல் சுமந்த கேள்வி அவருக்கு நினைவில்லை!

"இதில் எந்த வரி உங்களுடையதுன்னு கேளுங்க."

சஃபாரிக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "சரி, எந்த வரி?" என்றார்.

"பூரா வரியும்" என்றார் சேவுகப்பெருமாள். "மொதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும், பூரா என்னுது."

சஃபாரிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு பைலை மூடினார். அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.